கடை பூட்டிய பிறகு கணனி வேலை செய்யுமா?

2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் எனது கடைக் கணனியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகியது. நான் பெரிதாகக் கலங்கவில்லை. ஏனெனில், நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் எனது மருமகன், தினமும் இரவு பத்து மணிக்குக் கணக்குகள் தானாகவே வேறொரு டிஸ்கில் பிரதியாகும்படி ஒழுங்கு செய்து தந்திருந்தார். அந்த டிஸ்கைத் திறந்து பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது. ஒழுங்கு செய்த அன்று எடுத்த ஒரேயொரு பிரதி மாத்திரமே அதில் இருந்தது.

காரணம் மிகச் சாதாரணமானது. நான் எட்டரைக்குக் கடையைப் பூட்டும்போது கணனியையும் நிறுத்திவிடுவேன். பத்து மணிக்கு அது அணைந்து கிடக்கும். எத்தனை மணிக்குக் கடை பூட்டுவீர்கள் என்று மருமகன் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

பில் கொப்பிகளை வைத்துக் கடன் கணக்கைத் திரும்ப எழுத இரண்டு வாரங்கள் சென்றன. சில வாடிக்கையாளர்கள் தாமாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. ஒருவரிடம் நானே போய்க் கேட்டேன். அவர் ஏற்கனவே கட்டியவர் என்று பின்னர் தெரிந்தது. காசு போனதை விட அந்த வெட்கம்தான் இன்றும் மனதில் நிற்கிறது.

அதன் பின்னர் நான் கற்றுக்கொண்டதை வியாபார சகோதரர்களுக்குச் சொல்கிறேன்.

விண்டோஸ் கணனியில் டாஸ்க் ஷெடியூலர் என்றொரு வசதி உண்டு. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. லினக்ஸ் கணனிகளில் இதே வேலையைச் செய்வது கிரோன். நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு வேலையைத் தொடங்கும். எதுவாக இருந்தாலும், சொன்னதைச் செய்யுமே தவிர நம் கடையின் நடைமுறை அதற்குத் தெரியாது.

முதலாவது, நேரம். கணனி இயங்கும், ஆனால் பில் போடாத நேரமாகப் பாருங்கள். பகல் சாப்பாட்டு நேரமோ, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் நேரமோ பொருத்தம். கணக்கு மென்பொருளை மூடிவிடுங்கள். திறந்திருக்கும் கோப்பு சரியாகப் பிரதியாகாமல் போகலாம்.

இரண்டாவது, தவறிய வேலை. குறித்த நேரம் தவறினால் கணனியைப் போட்டவுடன் செய்யும்படி ஒரு தெரிவு உண்டு. அதை நாமாகத்தான் அடையாளமிட வேண்டும். என்னுடையதில் அது போடப்பட்டிருக்கவில்லை.

மூன்றாவது, மடிக்கணனி. மின்சாரத்தில் இருந்தால் மாத்திரமே வேலை தொடங்கும் என்ற நிபந்தனை வழமையாகவே போடப்பட்டிருக்கும். மின்வெட்டு நேரத்தில் பெற்றரியில் ஓடினால் பிரதி எடுபடாது. தேவையானால் அதை நீக்கிவிடுங்கள்.

நான்காவது, கடவுச்சொல். வேலையை ஒழுங்கு செய்யும்போது கடவுச்சொல் கொடுத்திருந்தால், பின்னர் அதை மாற்றியதும் இங்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஐந்தாவது, பிரதி இருக்கும் இடம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை போன்ற வைரஸ்கள் கணனியோடு இணைத்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடக்கூடியவை. ஆகவே இரண்டு டிஸ்குகளை வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள். ஒன்று கடையில், மற்றது வீட்டில்.

இப்போது எனது கடையில் பகல் ஒன்றரைக்குப் பிரதி எடுபடுகிறது. சனிக்கிழமை காலையில் முதல் வேலையாகப் பிரதியின் திகதியைப் பார்க்கிறேன். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணனியில் திறந்து, ஒரு வாடிக்கையாளரின் பாக்கி சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடுகிறேன். மொத்தம் பத்து நிமிட வேலை.

கடைப் பையனிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாலும் முடிந்ததா என்று கேட்கிறோம். கணனியிடமும் கேட்கத்தான் வேண்டும். இன்று கடை பூட்டுவதற்கு முன் உங்கள் கடைசிப் பிரதியின் திகதியை ஒருமுறை பாருங்கள்.