உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் லித்தியம் பேட்டரி செத்துவிடுமா?

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். ட்ரோன் உண்டு, ஓய்வு கிடைத்தால் ரிமோட் விமானமும் பறக்கவிடுவேன். பழைய லித்தியம் பாலிமர் பேட்டரிகள் நாலு கிடக்கின்றன. இரண்டு பப்படம்போல உப்பிவிட்டன. அதில் ஒன்றிலிருந்து நெயில் பாலிஷ் வாசம் வருகிறது. ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ராத்திரி போட்டுவைத்தால் பேட்டரி செத்துவிடும், காலையில் தென்னந்தோப்பில் புதைத்துவிடலாம் என்கிறார் நண்பர். தேங்காப்பட்டணம் பக்கத்தில்தானே இருக்கிறது, கடல் தண்ணீரே கொண்டுவந்தால் போதுமா?
– ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: உப்பு வாங்கும் காசையும் மிச்சப்படுத்தப் பார்க்கிறீர்கள்! கடல் தண்ணீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு இருக்கிறது. உங்கள் நண்பரின் வாளிக்கு அது தாராளம். ஆனால் வாளி யோசனையே சரியில்லை. அதற்கு முன்னால் அந்த வாசம் வருகிற பேட்டரியைப் பார்த்துவிடுவோம்.

பேட்டரியின் அலுமினிய உறைக்குள் எலக்ட்ரோலைட் என்ற திரவம் இருக்கிறது. லித்தியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், இதன் வழியாகத்தான் ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்குப் போய்வருகின்றன. எளிதில் தீப்பற்றும் கரைப்பான் அது. வெளியே வாசம் வருகிறது என்றால் உறை விரிசல் விட்டிருக்கிறது. அதைச் சார்ஜ் செய்யவும் வேண்டாம், காலி செய்யவும் வேண்டாம். இன்றைக்கே ஒரு தகர வாளியில் காய்ந்த மணலைக் கொட்டி, அதற்குள் வைத்து மேலும் மணல் போட்டு மூடுங்கள். மழை படாத திறந்த இடத்தில், வீட்டையும் வண்டியையும் ரப்பர் ஷீட் காயப்போட்ட கொட்டகையையும் விட்டுத் தள்ளி வையுங்கள். வெறுமனே உப்பியிருப்பது வேறு விஷயம். எலக்ட்ரோலைட் சிதைந்து உண்டாகும் வாயு உறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. ஊசியால் குத்தி அதை வெளியேற்றிப் பார்க்காமல் இருந்தால் சரி.

இனி உப்புத் தண்ணீர். ரிமோட் விமானக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவரும் முறைதான் இது. பழைய பேட்டரிக் கையேடுகள் சிலவற்றிலும் உண்டு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பதும் உண்மை. ஆனால் கூடவே மின்பகுப்பும் நடக்கிறது. மின்சாரம் பாயும்போது தண்ணீரும் உப்பும் பிரிகின்றன. நெகட்டிவ் முனையில் ஹைட்ரஜன் குமிழ்கள், பாசிட்டிவ் முனையில் குளோரின் நெடி. பாசிட்டிவ் முனையின் செம்பும் பித்தளையும் கரைந்து பச்சைச் சேறாகிவிடும். கொஞ்ச நேரத்தில் கனெக்டர் அரித்துத் தின்னப்பட்டு, மின்சாரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. காலையில் எடுத்துப் பார்த்தால் செத்தது கனெக்டர்தான். உறைக்குள் இருந்த மின்சாரத்தில் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம். மீட்டர் வைத்து அளக்கவும் முனை இல்லாத நிலையில் அது இன்னும் ஆபத்தானது. உறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே போய், எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு வாயுவை உண்டாக்கும். பேட்டரியைச் சாகடிக்க அதன் முனைகளை முதலில் தின்றுவிடும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

காலி செய்ய என்னதான் வழி? மின்சாரத்தை வெளியே இழுத்து எரித்துவிடுவதுதான். கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு ஒன்று வாங்குங்கள். மூன்று செல் கொண்ட 11.1 வோல்ட் பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். இந்தப் பல்பு அதற்குப் பொருந்தும். சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். 2200 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள பேட்டரி முழுசாக இருந்தாலும் ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பக்கத்தில் பல்பு மங்கிவிடும். நான்கு செல் என்றால் இரண்டு பல்புகளை வரிசையாக இணைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பு வேண்டாம், குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே அது மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும், மிச்சம் பேட்டரியிலேயே தங்கும். இழை பல்பு கடைசிச் சொட்டுவரை குடிக்கும்.

சிமெண்டுத் தரையில், வெட்டவெளியில், பல்பு அணையும்வரை பக்கத்தில் இருந்து செய்யுங்கள். முதலில் வெள்ளைச் சிறு கனெக்டரில், அதாவது செல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க உதவும் பேலன்ஸ் வயரில், மீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட ரொம்பத் தாழ்ந்திருந்தால் 21 வாட்டுக்குப் பதில் 5 வாட் பார்க்கிங் பல்பைப் போட்டு மெதுவாக இறக்குங்கள். கையில் சூடு தெரிந்தால் கழற்றிவிட்டு, வாசக்காரப் பேட்டரியோடு மணல் வாளிக்கு அனுப்புங்கள்.

பல்பு அணைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். பல்பைக் கழற்றிச் சிறிது நேரம் கழித்து அளந்தால் வோல்ட் மறுபடி ஏறியிருக்கும். அதனால் அணைந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் பல்பை இணைப்பிலேயே விட்டுவையுங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டி நின்றால்தான் காலி. அதன் பிறகு அந்தப் பேட்டரியை ஒருபோதும் சார்ஜ் செய்யாதீர்கள். அந்தத் தாழ்நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகும். வயரை வெட்டும்போது ஒவ்வொன்றாக வெட்டி உடனே டேப் ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆக்கிவிடும்.

ட்ரோனின் பேட்டரிக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அதற்குள் இருக்கும் காவல் சர்க்யூட் தன் இஷ்டத்துக்குத்தான் மின்சாரம் தரும். இறக்கையைக் கழற்றிவிட்டு, ட்ரோனை ஆன் செய்து தானாக அணையும்வரை வைத்திருந்தால் போதும். உப்பியிருந்தால் ட்ரோனில் மாட்டவே வேண்டாம்.

இனி புதைக்கும் விஷயம். காலியான பேட்டரியிலும் அந்தக் கரைப்பானும் கோபால்ட்டும் அப்படியேதான் இருக்கின்றன. தென்னைக்கு அது உரம் ஆகாது. ஆக்கர் கடையில் மற்ற இரும்போடு போட்டாலும் ஆபத்து. யாராவது சுத்தியலால் அடித்துப் பிரிக்கும் நேரத்தில் காலியாகாத ஒன்று தீப்பிடித்தால் கடையே போய்விடும். கூரியரில் விமானம் ஏற்றுவதும் கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளுக்கு விமானத்தில் தடை உண்டு. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யூ.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று தீப்பற்றி விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் இருந்தன.

2001-ல் வந்த பழைய விதி, கார் பேட்டரி போன்ற ஈய-அமில வகைக்கு மட்டும்தான் பேசியது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்தையும் சேர்த்துக்கொண்டன. பேட்டரியைச் சந்தைக்கு விடுகிறவரே பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டும். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுப்பது நம் கடமை. லேபிளில் குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்காகத்தான். கேரளக் குப்பை லாரிகளைப் பிடிக்கிற சோதனைச்சாவடி உங்கள் ஊரில் இருப்பதால், எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் உறவினர் வீட்டில் தள்ளிவிடலாம் என்று தோன்றினால் ஒரு தகவல்: விதி இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றே.

வாங்கிய கடையிலும் ட்ரோன் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் முதலில் கேளுங்கள். அவர்கள் கைவிரித்தால் நாகர்கோவிலில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில், பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் யார் என்று விசாரியுங்கள். மணல் வாளியில் இருப்பதைப் பற்றி எங்கே கொடுத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாங்குகிறவர் அதைத் தனியே வைக்கவேண்டும். அடுத்த கல்யாண சீசனுக்குப் புதுப் பேட்டரி வாங்கும்போது, பழையதைத் திரும்ப எடுப்பீர்களா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.