டாம்பர் மேல் பழி போடாதே

கோயம்புத்தூர்

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. 

உங்கள் ஹேங்கரில் நிற்கும் செஸ்னா 172-இல் நோஸ் வீல் இடவலமாகத் தலையாட்டி ஷிம்மி அடிக்கிறது, அதை அடக்கும் டாம்பரை மாற்றினோம், சில நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது, இப்போது இன்னொரு டாம்பர் வரவழைக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஃபோனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியை நான் சொல்ல மறந்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அந்த விமானத்தை ஓட்டிய இன்ஸ்ட்ரக்டரைப் பிடித்துப் பேசு. குறைகளை எழுதும் ஸ்நாக் புத்தகத்தில் 'ஷிம்மி' என்று ஒரு சொல்தான் இருக்கும். ஆட்டம் எப்போது வந்தது என்று கேள். பிரேக் மிதித்தால் மட்டும் வந்தது என்றால் பின் சக்கரங்களின் பிரேக் டிஸ்க்கைப் பார். முன் சக்கரத்துக்கு அதில் பங்கில்லை, அதில் பிரேக்கே கிடையாது. தரையை விட்டுக் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பில் அதிர்வு தெரிந்து மெல்ல அடங்கினால், சக்கரம் பேலன்ஸ் இல்லாமல் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இறங்கி ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ரட்டர் பெடல் காலில் படபடவென்று அடித்து, யோக்கைப் பின்னால் இழுத்ததும் அடங்கினால், அதுதான் நிஜமான ஷிம்மி. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பாகம் மாற்றும் ஆட்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை வேகமாகத் தள்ளும்போது முன் சக்கரம் ஒன்று இப்படியும் அப்படியும் தலையாட்டுவதைப் பார்த்திருப்பாய். விமானத்தில் நடப்பதும் அதே கூத்து. திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுகிறது. ஒரு சின்ன மேடு இடித்து டயர் பக்கவாட்டில் வளைந்தால், நேராக வரும்போது எல்லை தாண்டி அந்தப் பக்கம் போகிறது. அங்கிருந்து திரும்பும்போது இந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேண்டிய பலத்தை விமானத்தின் ஓட்டமே கொடுக்கிறது. அதனால் அது தானாக அடங்குவதற்குப் பதில் வளரும். இதன் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் சோவியத் கணித மேதை கெல்திஷ்; 1945-இல் அவர் வெளியிட்ட முன் சக்கர ஷிம்மி ஆய்வுக்கு அடுத்த ஆண்டு ஸ்டாலின் பரிசே கொடுத்தார்கள். விண்வெளித் திட்டத்தில் பெரும் பங்கு வகித்த மனிதர் உட்கார்ந்து யோசித்த சங்கதி இது. டாம்பரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நாம் மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாக நினைக்கிறோம் என்று எனக்குப் புரிவதே இல்லை.

இனி உன் விமானத்துக்கு வருவோம். டாம்பர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கீழே உட்கார்ந்து பார். அதன் தண்டு அசையாத பாகத்தில் மாட்டியிருக்கும். உருளை ஸ்டியரிங் காலரோடு சேர்ந்து நகரும். காலர் திரும்பினால் உள்ளே இருக்கும் எண்ணெய் பிஸ்டனில் உள்ள நுண்ணிய துளை வழியாக மறுபக்கம் போகவேண்டும். அந்த நெருக்கடிதான் ஆட்டத்தை அடக்குகிறது. சரி, காலருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது? கத்தரிக்கோல் மாதிரி மடங்கி நிற்கும் டார்க் லிங்க் இரண்டு. அவற்றின் போல்ட்டுகள், புஷ்கள், ஸ்பேசர்கள். அங்கே தேய்மானம் இருந்தால், அந்த இடைவெளிக்குள் சக்கரம் எவ்வளவு ஆடினாலும் காலருக்குத் தெரியாது. காலருக்குத் தெரியாதது டாம்பருக்கும் தெரியாது. நீ தங்கத்தில் டாம்பர் செய்து மாட்டினாலும் அதற்கு வேலையே வராது. புது டாம்பர் சில நாள் சமாளித்ததும் இதனால்தான். ஆட்டம் லிங்க்கின் இடைவெளியைத் தாண்டியபோதெல்லாம் அது பிடித்து நிறுத்தியது. தேய்மானம் இன்னும் கொஞ்சம் கூடியதும் அதன் கையும் ஓய்ந்துவிட்டது.

ஆகவே முதலில் மூக்கைத் தூக்கு. தூக்கும்போது ஹாரிசான்டல் ஸ்டெபிலைசரை அழுத்தாதே. யார் சொன்னாலும் சரி, அழுத்தாதே. நம்மூர் ஹேங்கர்களில் இரண்டு பேர் அதன்மேல் சாய்ந்து வாலை இறக்குவது வழக்கமாகிவிட்டது. உள்ளே ஸ்பாரில் விரிசல் விழுவதற்கு அந்த வழக்கமே போதும். டெயில்கோனில், ஸ்டெபிலைசருக்குச் சற்று முன்னால் உள்ள பல்க்ஹெட் மேல் கைவைத்து அழுத்து, அல்லது வால் வளையத்தில் எடை கட்டு. சக்கரம் தரையை விட்டதும் முன் காலான ஸ்ட்ரட் முழுக்க நீளும். நீண்டதும் செஸ்னாவில் முன் சக்கரம் தானாக நேர்கோட்டில் பூட்டிக்கொள்ளும். இது உனக்குப் பெரிய வசதி. ஸ்டியரிங் பூட்டிய நிலையில் டயரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக அசைத்தால், கையில் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் தேய்மானத்தின் ஆட்டம்தான். ஒருத்தரை அசைக்கச் சொல்லிவிட்டு நீ டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார். எந்த இடத்தில் 'டக்' என்று விரலுக்குத் தெரிகிறதோ அங்கே ப்ளே இருக்கிறது.

பிறகு ஸ்ட்ரட்டில் உள்ள காற்றை முழுக்க இறக்கிவிட்டு டார்க் லிங்க்கைக் கழற்று. காற்று இருக்கும்போது அதைக் கழற்றினால் கீழ்ப்பாகம் பீறிட்டுக்கொண்டு வரும், பல் போகும். வெளியே எடுத்த போல்ட்டைத் துடைத்து, அதன் நீளவாக்கில் நகத்தை ஓட்டு. புஷ் உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் ஒரு சின்னப் படியில் தட்டி நிற்கும். கண்ணுக்கு அது வெறும் மினுமினுப்பாகத்தான் தெரியும், நகத்துக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோமீட்டரால் அளந்து குறித்துக்கொள். போல்ட் போயிருந்தால் புஷ்ஷும் போயிருக்கும். ஒன்றை மட்டும் மாற்றாதே. காலர் மேலும் கீழும் ஆடினால் அதற்கென்று ஷிம் இருக்கிறது, மேனுவலில் போட்டிருக்கும். டாம்பரின் இரண்டு முனைப் போல்ட்டுகளையும் இதே கண்ணோடு பார். அங்கே ப்ளே இருந்தாலும் கதை ஒன்றுதான்.

இதெல்லாம் எப்படித் தேய்ந்தது என்றும் கேட்டு வை. 172-இன் முன் சக்கரத்தை டோ பார் போட்டு இழுக்கும்போது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக்கூடாது. ஹேங்கரில் இடம் போதவில்லை என்று ஒடித்துத் திருப்பினால் அடி வாங்குவது காலரும் லிங்க்கும். அதைத் திருப்பியவர் பெயர் எந்த லாக்புக்கிலும் வராது.

இவ்வளவும் முடிந்த பிறகு டாம்பரைக் கையில் எடு. மாட்டியது எண்ணெய் டாம்பர் என்றால், தண்டை இரண்டு பக்கமும் மெதுவாகத் தள்ளி இழுத்துப் பார். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே சீராகக் கை கனக்கவேண்டும். நடுவில் எங்காவது 'பொசுக்' என்று சும்மா போனால் உள்ளே காற்று இருக்கிறது. அந்தச் செத்த இடம் நடுமையத்தில் இருந்தால் அதைவிட மோசம் வேறில்லை, ரன்வேயில் நேராக ஓடும்போது பிஸ்டன் நிற்பது அங்கேதான். நாம் 5606 என்று சொல்லும் சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெயில் டாம்பரையே முழுக்க அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை தண்டை நகர்த்திக் காற்றை வெளியேற்று. ஸ்டோரில் இல்லை என்று யாராவது கார் பிரேக் ஆயிலை நீட்டினால் வாங்காதே; ஓ-ரிங் ஊறிக் கெட்டுவிடும். புதிதாக வந்த டாம்பரிலும் காற்று இருக்கலாம். பெட்டியிலிருந்து எடுத்ததும் யாராவது அதைக் கையால் தள்ளிப் பார்த்தார்களா என்று கேள். எண்ணெயே இல்லாமல் ரப்பர் வைத்து வரும் டாம்பர்களும் உண்டு. கசிவுத் தொல்லை கிடையாது, நல்ல சரக்குதான். ஆனால் லிங்க்கில் ப்ளே இருந்தால் அதுவும் கைகட்டித்தான் நிற்கும்.

டயர் விஷயம் சுருக்கமாக. டயரில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும், எடை குறைந்த இடம் அது. டியூபில் கனமான இடத்துக்கு அடையாளக் கோடு இருந்தால் அதோடும், இல்லாவிட்டால் வால்வோடும் புள்ளியைச் சேர்த்துப் பொருத்தவேண்டும். ஒரு பயிற்சிப் பள்ளியில் புது டயர் மாட்டிய அன்றே ஆட்டம் தொடங்கி, டாம்பரைத் திட்டித் தீர்த்தார்கள். புள்ளி வால்வுக்கு நேர் எதிரே சிரித்துக்கொண்டிருந்தது. பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் வைத்து, ஆக்ஸில் நட்டைச் சக்கரம் லேசாக இறுகும்வரை திருகி, அடுத்த காட்டர் பின் துளைக்குப் பின்வாங்கிப் பின் போடு.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை மாடலைப் பார்த்து எண்ணை எடு. 172 என்-இல் 5.00-5 நோஸ் டயருக்கு 31 பி.எஸ்.ஐ., 172 எஸ்-இல் 45. பழைய ஆள் ஒருவர் 'எல்லாத்துக்கும் முப்பது போடு' என்பார். தலையாட்டிவிட்டு மேனுவலைத் திற. ஸ்ட்ரட்டுக்கு 45, அதுவும் எடை ஏறாத நிலையில். சீல் கசியும் ஸ்ட்ரட்டை உயரமாகக் காட்டுவதற்காகக் கூடுதலாக அடித்து வைப்பார்கள். அப்படிச் செய்தால் தரையிலேயே ஸ்ட்ரட் நீண்டு நின்று, நான் மேலே சொன்ன பூட்டு டாக்ஸியிலேயே விழுந்து ஸ்டியரிங் மக்கர் பண்ணும். ஸ்ட்ரட்டின் பளபளப்பான பாகத்தை இரவில் நிறுத்தும் முன் அதே 5606 நனைத்த துணியால் துடை. நம்மூர்ப் புழுதி சீலுக்கு எமன்.

ஓட்டுகிறவர்களின் பங்கும் உண்டு. மாணவர்கள் வேகமாக வந்து மூன்று சக்கரத்தையும் ஒன்றாகவோ, மூக்கை முதலிலோ தரையில் போடுவார்கள். பின் சக்கரத்தில் இறங்கி, யோக்கை இழுத்துப் பிடித்து, மூக்கை மெதுவாக இறக்கினால் முன் சக்கரத்தின் ஆயுளே வேறு. இதை நீ இன்ஸ்ட்ரக்டரிடம் குறையாகச் சொல்லாதே, வயதில் சின்னவள் பாடம் எடுக்கிறாள் என்று முகம் கோணும். தேய்ந்த போல்ட்டைக் கையில் கொடுத்து, 'சார், இதைப் பாருங்கள்' என்று மட்டும் சொல். மீதியை அவரே மாணவர்களிடம் சொல்லிக்கொள்வார். அதே சமயம், 'லேண்டிங் சரியில்லை, விமானம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று உங்கள் ஆட்கள் தப்பிக்கப் பார்த்தால் அதையும் ஏற்காதே. பயிற்சி விமானம் என்றால் மோசமான லேண்டிங் வரத்தான் செய்யும். 172 அதைத் தாங்குவதற்காகக் கட்டிய விமானம்; 1955-இல் முதன்முதலாகப் பறந்ததிலிருந்து உலகமெங்கும் மாணவர்களிடம் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

'கொஞ்சம் ஆடினால் என்ன, பறக்கும்போது சக்கரம் எதற்கு' என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இந்த விமானத்தில் முன் காலின் அதிர்வு நேராக ஃபயர்வாலுக்குப் போகிறது. தகடு வெடிக்கும், ரிவெட் தளரும், பேனலில் உள்ள கைரோ கருவிகள் ஒவ்வொன்றாகக் கெடும். இவ்வளவு நாள் ஆடிய விமானம் அது. ஃபயர்வாலில் ஸ்ட்ரட் பிடிக்கும் இடங்களை டார்ச்சும் கண்ணாடியும் வைத்துக் கட்டாயம் பார்.

கடைசியாகக் கையெழுத்து விஷயம். உனக்கு இன்னும் சி.ஏ.ஆர் 66 லைசென்ஸ் வரவில்லை, விமானத்தை விடுவிக்கும் கையெழுத்து உன்னுடையது இல்லை. ஆனால் வொர்க் ஷீட்டில் நீ போடும் சின்னக் கையெழுத்தை நம்பித்தான் லைசென்ஸ்காரர் பெரிய கையெழுத்தைப் போடுகிறார். டார்க் லிங்க்கைக் கழற்றாமல் 'பார்த்தேன், சரி' என்று எழுதச் சொன்னால் எழுதாதே. சண்டை போடவேண்டாம். 'டாம்பர் மாற்றப்பட்டது, டார்க் லிங்க் கழற்றிப் பார்க்கவில்லை' என்று நடந்ததை நடந்தபடி எழுது. அந்த ஒரு வரியைப் படித்ததும் கழற்றச் சொல்லி அவர்களே வருவார்கள்.

புது டாம்பர் வந்து சேர எப்படியும் சில நாளாகும். அதற்குள் உன் சீனியரிடம் கேட்டு லிங்க்கைக் கழற்றிப் பார்த்துவிடு. போல்ட்டின் அளவையும், அந்த மாடலுக்கு மேனுவல் தரும் எல்லையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
சித்தப்பா