பழைய மோட்டார் வண்டியின் உஷ்ணமானியைச் சோதித்துத் திருத்தும் முறை

பழைய ஜீப்பையோ காரையோ பேணி ஓட்டிவரும் நிலச்சுவான்தார்கள் பலர். அவ்வண்டிகளின் முன்பலகையில் எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் உஷ்ணமானி ஒன்று அமைந்திருக்கும். இக்கருவி தவறாகக் காட்டுமாயின் நஷ்டம் இரு வகையில் நேரிடும். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டினால், சொந்தக்காரர் அபாயத்தை அறியாமல் வண்டியை ஓட்டிச் செல்வார். காஸ்கெட் கருகும், சிலிண்டர் ஹெட் கோணும், வார்ப்பிரும்பு விரிந்துபோதலும் உண்டு. அதிகமாகக் காட்டினால், நல்ல நிலையிலுள்ள ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் வீணாகக் கழற்றிச் செலவு செய்வார். தெர்மோஸ்டாட்டை எடுத்தெறிந்துவிடுவோரும் உளர். அதனால் எஞ்சின் உரிய சூடடையாமல் ஓடித் தேய்மானம் மிகும். ஆகையால் பிழை எஞ்சினிலா, கருவியிலா என்பதைத் தீர அறிந்த பின்னரே எதையும் கழற்றத் தொடங்க வேண்டும்.

1. கருவிகளின் வகை

பழைய வண்டிகளில் காணப்படும் உஷ்ணமானிகள் இரு வகைப்படும்.

முதலாவது குழாய் வகை. 1941 முதல் 1945 வரை செய்யப்பட்ட வில்லிஸ் யுத்த ஜீப்பில் உள்ளது இவ்வகையே. எஞ்சின் தண்ணீரில் மூழ்கியிருக்கும் சிறு உலோகக் குமிழில் ஈதர் என்னும் திரவம் அடைக்கப்பட்டிருக்கும். சூடேறும்போது அதன் ஆவி அழுத்தம் பெருகி, மெல்லிய செப்புக் குழாய் வழியாகக் கருவியினுள் உள்ள தட்டையான வளைகுழாயை எட்டும். வளைகுழாய் சிறிது நிமிரும், முள் நகரும். இவ்வளைகுழாய்க்கு 1849ஆம் ஆண்டில் உரிமை பெற்றவர் பிரான்சு தேசத்து பூர்தோன் என்பவர்.

இரண்டாவது மின்சார வகை. இதில் குமிழுக்குப் பதிலாக, சூடேறச் சூடேற மின்தடை குறையும் உணர்கருவி ஒன்று எஞ்சினில் திருகப்பட்டிருக்கும். 1960களுக்குப் பிந்திய ஆங்கில வண்டிகள் பலவற்றில், பாட்டரியின் மின்சாரத்தைச் சுமார் 10 வோல்ட்டாக நிலைப்படுத்தி உஷ்ணமானிக்கும் பெட்ரோல் மானிக்கும் சேர்த்து அளிக்கும் சிறு பெட்டி ஒன்றும் உண்டு.

2. சோதனைக்கு வேண்டியவை

நல்ல தெர்மாமீட்டர் ஒன்றும், ஆழமான பாத்திரம் ஒன்றும் போதும். தெர்மாமீட்டர் கொதிநீரைத் தாங்குவதாக இருத்தல் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் இட்டால் உடைந்துபோகும்.

தெர்மாமீட்டரையே முதலில் சோதித்தல் நலம். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல தண்ணீர் 212 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 100 டிகிரி சென்டிகிரேடில், கொதிக்கும். உயரம் ஏற ஏற இவ்வளவு குறையும். உதகமண்டலத்தில் தண்ணீர் கொதிப்பது சுமார் 199 டிகிரி பாரன்ஹீட்டிலேயாம். மலைவாசிகள் இதைக் கணக்கிற் கொள்ளாவிடில் சரியான தெர்மாமீட்டரையும் பிழையென்று தள்ளிவிட நேரும்.

3. சோதிக்கும் முறை

எஞ்சின் முற்றும் ஆறிய பின் ரேடியேட்டரிலிருந்து சிறிது தண்ணீரை வடித்துவிட்டுக் குமிழை வெளியே எடுக்க வேண்டும். மரையை மட்டுமே திருப்புதல் வேண்டும். செப்புக் குழாய் கூடவே முறுகினால் ஒடிந்து ஈதர் போய்விடும். மரை இறுகியிருப்பின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்தல் நன்று.

தண்ணீரை அடுக்களையிலேயே கொதிக்கவைத்து வண்டியருகே கொண்டுவருதல் வேண்டும். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் அடுப்பு மூட்டுதல் பெரும் அபாயம். பாத்திரத்தில் குமிழையும் தெர்மாமீட்டரையும் ஒரே ஆழத்தில், அடியைத் தொடாதபடி பிடித்துத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் ஆறிவருகையில் 200, 190, 180, 170, 160 டிகிரிகளில் முள் எங்கே நிற்கிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்க. ஒவ்வொரு முறையும் கருவியின் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிய பின் பார்க்க வேண்டும்.

மின்சார வகையில் உணர்கருவியின் பித்தளைப் பகுதியை மட்டும் நீரில் அமிழ்த்தி, அதன் உடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி கட்டுதல் அவசியம். இல்லையேல் மின்சாரம் ஓடாது.

4. பிழையைக் கண்டு திருத்துதல்

குழாய் வகையில் முள் சிறிதும் அசையாவிடில் ஈதர் கசிந்துவிட்டது எனக் கொள்ளலாம். இதனைப் புதுப்பிக்கும் வேலை அதில் பழகியவர்களுக்கே உரியது. ஈதர் எளிதில் தீப்பற்றும். பற்றவைக்கும் விளக்கை அதனருகே கொண்டுபோதல் ஆகாது.

எல்லா இடத்திலும் முள் ஒரே தூரம் விலகி நின்றால், அது தன் அச்சில் நழுவியிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி, முள்ளை மெல்ல நெம்பி எடுத்து, சரியான இடத்தில் பதிக்கலாம். இவ்வகையில் எண்கள் கீழே நெருங்கியும் மேலே அகன்றும் இருக்குமாதலால், குளிர்ந்த நிலையில் முள்ளைச் சரிசெய்தல் தவறு. எஞ்சின் வழக்கமாக ஓடும் 180 டிகிரி அளவில் பதிப்பதே முறை. விலகல் இடத்துக்கிடம் மாறுமாயின் முள்ளைத் தொடாமல் கருவியைப் பழுதுபார்ப்போரிடம் அனுப்ப வேண்டும்.

மின்சார வகையில் உஷ்ணமானியோடு பெட்ரோல் மானியும் அதிகமாகக் காட்டினால், பிழை பொதுவான நிலைப்படுத்தும் பெட்டியில் உள்ளது. பெரும்பாலும் அதன் எர்த் இணைப்பைச் சுரண்டித் துப்புரவு செய்து இறுக்கினாலே குணமாகும். உஷ்ணமானி மட்டும் குறைவாகக் காட்டினால் உணர்கருவியின் மரையைப் பார்க்க வேண்டும். கசிவைத் தடுக்கச் சுற்றிய நாடா எர்த்தைக் கெடுத்திருக்கலாம். புதிய உணர்கருவி பூட்டியது முதல் பிழை காணுமாயின், அது அக்கருவிக்குப் பொருந்தாத தடையுள்ளது எனக் கருதலாம். பொருத்தமானது கிடைக்காதபோது, அதிகமாகக் காட்டும் கருவிக்குத் தக்க மின்தடை ஒன்றைக் கம்பியின் நடுவே சேர்த்துத் திருத்துவர். இதைத் தாளில் குறித்த அளவுகளைக் கொண்டே செய்தல் வேண்டும். கண் மதிப்பாகச் செய்தல் கூடாது.

கருவியைத் திருத்த இயலாவிடினும் சோதனை வீண்போகாது. தண்ணீர் 180 டிகிரியில் இருக்க முள் 200 எனக் காட்டினால், அவ்விரு எண்களையும் ஓர் அட்டையில் எழுதி முன்பலகையில் ஒட்டிவைக்கலாம். பிழை மாறாதவரை, அதன் அளவு தெரிந்த கருவி ஏறக்குறைய சரியான கருவிக்குச் சமானமே.

5. மறவாமல் கவனிக்க வேண்டியவை

சூடேறியிருந்த முள் திடீரென்று கீழே இறங்கினால் எஞ்சின் குளிர்ந்துவிட்டதென்று மகிழ்தல் கூடாது. தண்ணீர் குறைந்து குமிழ் நீருக்கு வெளியே நிற்பதாலும் அவ்வாறு நேரும். உடனே வண்டியை நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தம் நீங்கியவுடன் நீர் பொங்கி முகத்திலும் கையிலும் வெந்நீர்ப் புண் உண்டாக்கும்.

சோதனையில் கருவி சரியென்று தெளிந்தும் முள் உயரவே நின்றால், அப்பொழுதுதான் விசிறி பெல்ட், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தெர்மாமீட்டர் ஒன்று கிராமத்தில் பொதுவாக இருப்பின் ஊரிலுள்ள பழைய ஜீப்புகள், டிராக்டர்கள், எண்ணெய் எஞ்சின்கள் யாவற்றிற்கும் பயன்படும். கிராம உத்தியோகஸ்தர்கள் இதற்கு ஏற்பாடு செய்தல் நலம். ஒரு பாத்திரம் வெந்நீரும் அரை மணி நேரமும் ஒரு சிலிண்டர் ஹெட்டின் விலையை மிச்சப்படுத்தக்கூடும்.