தாத்தா காட்டிய மேடும் 58 கே தாளும்

கேள்வி: மானாமதுரைப் பக்கம் எங்கள் கிராமம். ஊருக்குக் கிழக்கே முள்காட்டுக்குள் ஒரு மேடு இருக்கிறது. "பழைய ஊர் அங்கதான்டா இருந்துச்சு, சந்தைக்கு வண்டிப்பாதையும் அது வழியாத்தான் போச்சு" என்பார் தாத்தா. இன்று பாதையும் இல்லை, தாத்தாவும் இல்லை. பழைய வரைபடங்களில் அந்த ஊரைத் தேட முடியுமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தேடலாம். உங்களுக்கு வேண்டியது இந்திய நில அளவைத் துறையின் 'டோப்போ ஷீட்'. தாலுகா ஆபீஸில் பார்க்கும் புலப்படம் வயலின் வரப்பைத்தான் காட்டும். டோப்போ தாளில் ஊர், கண்மாய், ஓடை, கோயில், பாதை எல்லாம் ஒருசேரத் தெரியும். வெள்ளையர் காலத்துத் தாளில் 1 அங்குலம் 1 மைல். பின்னால் வந்தவற்றில் 2 செ.மீ. 1 கி.மீ.

மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் திண்டாடுவீர்கள். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முன் ராமநாதபுரம். அந்த மாவட்டமே 1910-இல் உருவானது. தாளின் எண்ணோ மாவட்டம் மாறினாலும் மாறாது. மானாமதுரை 58 கே/6, சிவகங்கை 58 கே/5. நூலகத்தில் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பல்கலைக்கழகப் புவியியல் துறைகள் ஆகியவற்றில் விசாரிக்கலாம். அமெரிக்க ராணுவம் 1950-களில் வெளியிட்ட இந்திய வரைபடங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ. என்பதால் சிற்றூர் விவரம் குறைவு.

தாள் கிடைத்ததும் ஓரக்குறிப்பைப் படியுங்கள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. உங்களுக்கு வேண்டியது அளந்த ஆண்டு.

பிறகு தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கம் ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். படத்தில் அந்தச் சங்கிலியைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். கரைக்கோட்டின் அருகே '3ஆர்' என்பதுபோல ஓர் எண் பொடியெழுத்தில் இருந்தால், அடிநிலத்திலிருந்து கரையின் உயரம் அது. பழைய தாளில் கண்மாய் வரை வந்த வரத்துக்கால் புதிய தாளில் பாதியில் நின்றால், அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்க்குள் பச்சையாகத் தெரிவதைப் பயிர் என்று நம்பிவிடாதீர்கள். அனேகமாகச் சீமைக் கருவேலம்தான்.

அடுத்தது பாதை. விட்டுவிட்டுப் போகும் கோடு வண்டிப்பாதை, புள்ளிக்கோடு ஒற்றையடிப்பாதை. குறி விளக்கம் தாளின் அடியிலேயே இருக்கும். தாத்தா சொன்ன மேட்டில் வீடு எதுவும் குறிக்கப்படாமல் இருக்கலாம். ஆனால் மூன்று நான்கு பாதைகள் அங்கே வந்து கூடுகின்றனவா, பக்கத்தில் கிணறோ கோயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத பொட்டலுக்கு நாலு திசையிலிருந்தும் பாதை வராது. ஊர் பெயர்ந்த பிறகும் மாட்டுக்கும் சாமிக்கும் பழைய தடம் கொஞ்ச காலம் தேவைப்படும்.

மூன்றாவது பெயர். தாளில் ஆங்கில எழுத்து. ல, ள, ழ மூன்றும் அங்கே ஒன்றுதான். அதனால் வாய்விட்டுப் படித்து, ஊர்ப் பெரியவர்களிடம் சரிபாருங்கள். 'ஏந்தல்' என்று முடியும் ஊரில் இன்று நீர்நிலை இல்லையென்றால், பழைய தாளில் தேடுங்கள். ஏந்தல் என்றாலே ஏரிதான். சில பெயர்கள் எந்தத் தாளிலும் ஏறாமல் ஊரார் வாயில் மட்டும் இருக்கும். கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய இடத்தை ஊரார் பள்ளிச்சந்தைத் திடல் என்றே சொல்லி வந்தார்கள்.

அளக்க வருவதற்கு முன்பே ஊர் காலியாகியிருந்தால் டோப்போ தாள் கைவிரித்துவிடும். அப்போது புல எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமத்தின் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். முள்காட்டு நடுவே ஒரு புல எண் 'நத்தம்' என்று பதிவாகியிருந்தால், அது ஒருகாலத்தில் குடியிருப்புக்கென இருந்த இடம். மேட்டில் ஓடு கிடந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், மண்வெட்டியோடு போகாதீர்கள்.

கேள்வி: பழைய டோப்போ தாளில் ஊருணி இருந்த இடம் இப்போது பிளாட். அந்தத் தாளை வைத்தே வழக்குப் போடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அது துணைச் சான்று, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்தத் தாள் புல எல்லையையோ உரிமையையோ சொல்வதில்லை. நீர்நிலைப் புறம்போக்கா என்பதை 'அ' பதிவேடும் புலப்படமும்தான் சொல்லும். 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். என்னும் நிலப் பதிவேடு புதுப்பிப்புப் பணியில் புல எண்கள் மாறியிருக்கலாம். 'அ' பதிவேட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜமீன் கிராமம் என்றால், 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். டோப்போ தாளில் நீலம், பதிவேட்டில் ஊருணி, தரையில் கரையின் மிச்சம். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் வக்கீலிடம் தைரியமாகப் போகலாம்.