சொல்லிழந்தவர் நோவு

அறுவை முடிந்து கண் விழித்தவரிடம் செவிலியர் முதலில் கேட்பது, "நோவு எப்படி இருக்கிறது?" என்பதே. சுழியிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வதும் உண்டு. மறுமொழி வருகிறது, அதற்கேற்ப மருந்து வருகிறது. ஆனால் கேள்வியே விளங்காதவருக்கு என்ன செய்வது? டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முற்றிய முதியவர் இடுப்பெலும்பு முறிந்து அறுவைக்கு உள்ளாகும்போது இவ்வினா எழுகிறது.

இது சிறு வினா அன்று. மாரிசன், சியூ என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இடுப்பெலும்பு முறிந்த முதியோருள், அறிவுத் தெளிவு உடையோர் பெற்ற மார்ஃபின் வகை மருந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே மறதி நோய் முற்றியோர் பெற்றனர் என்று அது காட்டியது. முறிவு ஒன்றே, குறைந்தது சொல் மட்டுமே.

நம் கிழக்கேகோட்டையில் இச்சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடியது. கோட்டைப் பகுதியிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மறதி நோய் முற்ற முற்ற, பின்னர்க் கற்ற மொழி நழுவித் தாய்மொழி எஞ்சி நிற்பது உண்டு. கடைத்தெருவில் மலையாளம் பேசிய பாட்டி, கட்டிலில் "வலி" என்று முனகலாம். மலையாளத்தில் அச்சொல்லுக்கு இழுத்தல் என்பது பொருள். செவிலியர் "வேதன உண்டோ?" என்பார், தமிழ்ச் செவிக்கு அது மனத்துயராகப் படலாம். இருமொழிக்கும் பொதுவாக நிற்பது "நோவு" என்னும் பழஞ்சொல்லே.

சொல் முற்றும் போனபின் உடலே பேசுகிறது. அதனைப் படிக்க 2003-இல் அமெரிக்காவில் "பெயினாட்" என்னும் அளவுகோல் வகுக்கப்பட்டது. மூச்சு, முனகல், முகக்குறி, உடல் நிலை, ஆற்றினால் அடங்குகிறாரா என்பது ஆகிய ஐந்தையும் செவிலியர் நோக்குவார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. படுத்திருக்கையில் மட்டும் பார்த்தல் போதாது. புரட்டும்போதும் உட்காரவைக்கும்போதும் பார்த்தல் வேண்டும். அசையாதிருக்கும் கால் நோவை மறைத்துவிடும்.

இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. அச்சம், பசி, நிரம்பிய சிறுநீர்ப்பை ஆகியவையும் முகத்தைச் சுளிக்கவைக்கும். ஆகவே அவற்றை முதலில் நீக்கி, நோவு நீக்கும் மருந்தை மருத்துவர் சொற்படி கொடுத்து, மீண்டும் மதிப்பிட வேண்டும். மதிப்பெண் இறங்கினால் நோவே காரணம் என்று ஐயுறலாம். அமைதியாகக் கிடப்பவரையும் விட்டுவிடலாகாது; உண்ண மறுப்பதும் ஒடுங்கிக் கிடப்பதும் நோவின் குறியாகலாம். மருந்துச் சீட்டில் "தேவைப்பட்டால்" என்று எழுதுவது கேட்கத் தெரிந்தவருக்கே உதவும். கேட்க இயலாதவருக்கு, உடல்நிலை இடந்தருமாயின், நேரம் குறித்து மருந்து கொடுப்பதே முறை.

வாயால் சொல்ல இயலாமை நோவின்மைக்குச் சான்றாகாது என்பதை, நோவு பற்றிய உலக ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய தன் விளக்கத்திலும் வலியுறுத்தியது.

இங்கே வீட்டாருக்கும் கடமை உண்டு. தாத்தா நலமாயிருக்கையில் எப்படிப் படுப்பார், நோவு வந்தால் என்ன சொல்வார், எதனால் ஆறுவார் என்பவற்றை ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிச் செவிலியர் கையில் கொடுங்கள். இரு மொழியும் அறிந்த மாணவருக்கு இது கால்மணி நேர வேலை. கட்டிலில் கிடப்பவருக்கோ இழந்த குரல் ஓரளவு திரும்பக் கிடைத்ததாகும்.