கோஷ்டம்: மூன்றாண்டுப் பயிர்

நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் என்று கேட்டால், பழுப்பு நிறத்தில், கடுமையான மணம் வீசும் வேர்த்துண்டுகளை எடுத்துத் தருவார்கள். அவை நம் சமவெளியில் விளைந்தவை அல்ல. காஷ்மீரத்திலிருந்து உத்தராகண்டம் வரையிலான இமயமலைப் பகுதியில், ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளரும் ஒரு காட்டுப் பூச்செடியின் வேர்கள் அவை. சூரியகாந்தியும் சாமந்தியும் சேர்ந்த குடும்பமே இதன் குடும்பமும். ஆளுயரம் வளர்ந்து, கருநீலம் கலந்த ஊதா நிறத்தில் உருண்டையாகப் பூக்கும். பழந்தமிழ் நூல்களில் இது 'கோட்டம்' என்ற பெயரில் மணப்பொருளாக இடம்பெறுகிறது. காஷ்மீரத்தில் சால்வைகளைப் பூச்சி அரிக்காதிருக்க இவ்வேரைப் பெட்டியில் இட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது.

பூவுக்காகவோ இலைக்காகவோ பறிக்கப்படும் செடி மீண்டும் தழைக்கும். கோஷ்டத்தின் விலையோ வேரில் இருக்கிறது. வேரைத் தோண்டினால் செடி அத்துடன் முடிந்தது. விதை முற்றுமுன் தோண்டினால் அதன் சந்ததியும் முடிந்தது. இவ்வாறு தோண்டியே காடுகளில் இச்செடி அழிவின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டது. 1985 முதல், பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பில், மிகக் கடுமையான கட்டுப்பாட்டின்கீழ் இது உள்ளது. நம் நாட்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சேர்க்கப்பட்ட ஆறு தாவரங்களுள் இதுவும் ஒன்று.

இன்று கோஷ்டத்தின் பெயரைக் காப்பாற்றி வருபவர்களில் முக்கியமானவர்கள் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு உழவர்கள். அங்கே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இது வயல்பயிராக உள்ளது. சாகுபடி முறை கடினமானதன்று. ஆனால் அவசரக்காரர்களுக்கு உகந்ததும் அன்று.

மண் ஆழமாகவும் பொலபொலப்பாகவும் இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பூத்தலைகள் பழுப்பேறத் தொடங்கியதும் கொய்துவிட வேண்டும். தாமதித்தால் மயிர்க்குஞ்சம் கொண்ட விதைகள் காற்றோடு போய்விடும். பழைய விதையின் முளைப்புத்திறன் குறைந்துவிடுவதால், அவ்வாண்டு விதையையே விதைப்பது நன்று. பனி விழுமுன் அக்டோபர், நவம்பரில் விதைத்தால், குளிர்கால முழுவதும் பனிப்போர்வையின்கீழ் கிடந்து, பனி உருகியதும் முளைத்தெழும். வசந்தத்தில் விதைப்போரும் உண்டு. செடிக்குச் செடி ஏறக்குறைய ஒரு முழ இடைவெளி வேண்டும். லாஹௌல் மழை குறைந்த பகுதி. பனிநீரைக் கால்வாய் வழியே கொணர்ந்துதான் பாய்ச்சுகிறார்கள்.

முதலாண்டில் தரையோடு படர்ந்த அகன்ற இலைகள் மட்டுமே தோன்றும். களையெடுப்பதில் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் அவ்வாண்டில்தான். குளிர் வந்ததும் மேற்பகுதி முழுவதும் கருகிவிடும். புதியவர்கள் பயிர் பட்டுவிட்டதென்றே எண்ணுவர். வேர் மண்ணுக்குள் நலமாக இருக்கும். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், இலைகள் காய்ந்தபின் வேரைத் தோண்டி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி உலர்த்துவர்.

வங்கியாளர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பட்டாணியும் உருளைக்கிழங்கும் ஒரே கோடையில் பணமாகிவிடுகின்றன. லாஹௌலில் பல வயல்கள் அவற்றிற்கு மாறியதில் வியப்பில்லை. ஓராண்டிற்கு மேற்பட்ட பருவம் கொண்ட பயிரை ரிசர்வ் வங்கியின் விதிகள் நீண்டகாலப் பயிர் என்றே வகைப்படுத்துகின்றன. இத்தகைய பயிருக்குக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர், வருமானம் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் வரும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகக் குறிப்பிட்டு, தவணையையும் அதற்கேற்ப அமைத்துத் தருமாறு கேட்க வேண்டும். கேட்கத் தயங்குபவர்களே மிகுதி. நிலம் முழுவதையும் இதற்கே ஒதுக்காமல், ஒரு பகுதியில் ஆண்டுப் பயிரை வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. இடைப்பட்ட இரண்டாண்டுகளில் வீட்டுச் செலவிற்கு அது கைகொடுக்கும்.

மற்றொன்று, உரிமம். இப்பட்டியலிலுள்ள தாவரத்தைப் பயிரிடவும் விற்கவும் சட்டப்படி உரிமம் வேண்டும். உலர்ந்தபின் வயலில் விளைந்த வேரையும் காட்டில் திருடிய வேரையும் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆதலால் ஆவணம் இல்லாத நேர்மையான உழவரின் சரக்கும் சோதனைச் சாவடியில் ஐயத்திற்கு உள்ளாகும். அதற்கு நல்ல விலையும் கிடைக்காது. நட்ட தேதி, பரப்பு, விதை பெற்ற இடம், தோண்டிய எடை ஆகியவற்றை ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் எழுதி வருவது பெரிதும் உதவும். மருந்து தயாரிப்புக்காக மொத்தமாக வாங்கும் வாடிக்கையாளர்களும், விலைப்பட்டியலுடன் விற்பவரின் உரிம எண்ணைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.