மாப்பிள்ளை கொண்டுவரும் மடக்குக் கத்தி

கேள்வி: பழனி வட்டம் கீரனூரில் தென்னையும் கொஞ்சம் மக்காச்சோளமும் வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தாக வேண்டும் எனக்கு. சாக்குத் தையலைப் பிரிக்க, நைலான் கயிறு அறுக்க, சொட்டுநீர்க் குழாயை வெட்டி இணைக்க, பசித்தால் ஒரு கொய்யாவை நறுக்க. மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டவும் அதையேதான் எடுக்கிறேன். சந்தையில் வாங்கும் கத்திகள் கொஞ்ச நாளிலேயே ஆட்டம் கண்டுவிடுகின்றன. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை பொங்கலுக்கு வருகிறார். "என்ன வாங்கி வரட்டும் மாமா?" என்று கேட்டார். அமெரிக்காவில் செய்த கத்தி ஒன்று போதும் என்றேன். கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "பெயரெல்லாம் அமெரிக்கப் பெயர்தான், அட்டையைத் திருப்பினால் சீனா என்று போட்டிருக்கிறது" என்கிறார். 50 டாலருக்கு மேல் அவருக்குச் செலவு வைக்க மனமில்லை. எதை வாங்கச் சொல்லட்டும்? இதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் போலீஸ் தொந்தரவு வருமா?

— வாசகர், கீரனூர்

பதில்: விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதியாக இருக்கும். கேஸ் நிறுவனத்தின் ‘சாட்பஸ்டர் ஜூனியர்’. மஞ்சள் கைப்பிடி போட்டது, ‘சி.வி.’ என்று குறித்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்டு என்ற ஊரில் செய்கிறார்கள். கடைக்குக் கடை விலை முன்னே பின்னே இருக்கும், ஆனால் நீங்கள் சொன்ன தொகையை ஒட்டியே நிற்கும்.

மாப்பிள்ளை கடையில் கண்டது உண்மை. திண்டுக்கல் மாவட்டத்துக்காரரான உங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திண்டுக்கல் பூட்டு என்று நம்பி வாங்கிப் போகிறவர் கையில் அலிகார் பூட்டு இருப்பது உங்களுக்குப் புதிதல்ல. 2019 ஆகஸ்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை இனி கண்டவரும் போட்டுக்கொள்ளச் சட்டப்படி இடமில்லை. அமெரிக்கக் கத்திப் பெயர்களுக்கு இப்படி ஊரோடு சேர்த்துக் கட்டிய காப்பு கிடையாது. நிறுவனம் நொடித்தால் பெயர் ஏலத்துக்கு வரும். வாங்கியவர் எங்கே வேண்டுமானாலும் கத்தி செய்து அதே பெயரைப் பொறிக்கலாம்.

அப்படித்தான் ஆயிற்று. நியூயார்க் மாநிலத்தில் எல்லன்வில் ஊரில் இருந்த இம்பீரியல் ஷ்ரேடு நிறுவனம் ‘ஓல்டு டைமர்’ என்ற பெயரில் கத்தி செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு தலைமுறை விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் பையில் வைத்திருந்தது அதுதான். 2004-ல் ஆலையை மூடினார்கள். பெயர் கைமாறியது, இன்று அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் சீனாவில் செய்தது. அதே மாநிலத்தில் 1876-லிருந்து இருந்த கமிலஸ் 2007-ல் மூடியது, அதன் பெயரும் இதே வழியில் போயிற்று. மூடாமல் நடக்கும் நிறுவனங்களிலும் கலப்பு உண்டு. கெர்ஷா, கெர்பர், பக் ஆகிய மூன்றும் சில மாதிரிகளை அமெரிக்காவில் செய்கின்றன, மலிவான மாதிரிகள் பலவற்றைச் சீனாவில் செய்வித்து வாங்குகின்றன. குவாங்டாங் மாகாணத்தில் யாங்ஜியாங் என்ற நகரமே கத்தித் தொழிலை நம்பித்தான் இருக்கிறது. அங்கிருந்து வருவதெல்லாம் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 20 டாலருக்குள் கத்தி வேண்டும் என்று ஒருவர் கேட்டால் தயங்காமல் அதைத்தான் காட்டுவேன். நீங்கள் கேட்டது அமெரிக்காவில் செய்தது. அந்தப் பேச்சுக்குள்ளேயே நிற்போம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? அட்டைப்பெட்டியில் பறக்கும் கொடியை நம்ப வேண்டாம். கத்தியைத் திறந்து, அலகு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் சிறிய தட்டைப் பகுதியைப் பார்க்க வேண்டும். நிறுவனத்தின் முத்திரை அங்கேதான் இருக்கும். கேஸ் கத்தியில் நிறுவனப் பெயரோடு ‘யு.எஸ்.ஏ.’ என்று இருக்கும். பக் கத்தியில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘யு.எஸ்.ஏ.’ அல்லது ‘சைனா’, இரண்டில் ஒன்று. இன்னொன்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். ‘அமெரிக்காவில் செய்தது’ என்று மட்டும் மொட்டையாகப் போட வேண்டுமானால், பொருள் முழுவதும் அல்லது ஏறக்குறைய முழுவதும் அங்கேயே ஆகியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் விதி. ‘அமெரிக்காவில் வடிவமைத்தது’, ‘அமெரிக்காவில் பூட்டியது’ என்றெல்லாம் வால் ஒட்டியிருந்தால் அது வேறு கதை.

இனி சாட்பஸ்டர் ஜூனியருக்கு வருவோம். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத கத்தி இது. ஒரே அலகு, சுமார் 7 சென்டிமீட்டர். மடக்கினால் 9 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், எடை ஏறக்குறைய 60 கிராம். பித்தளைப் பூண், மான்கொம்புக் கைப்பிடி என்ற அலங்காரம் எதுவும் கிடையாது. வழவழப்பான மஞ்சள் பிளாஸ்டிக்கும் ஆணிகளும்தான். அலகில் நகம் போட்டுத் திறக்க ஒரு பள்ளம், அதை விரிந்த நிலையில் நிறுத்திவைக்க முதுகில் ஒரு வில். தோட்டக்காரருக்கு இவ்வளவு போதும். கைப்பிடி மஞ்சளாக இருப்பதில் ஒரு லாபம், காய்ந்த ஓலைக்குள் விழுந்தாலும் கண்ணில் படும். உள்ளே மண் புகுந்தால் தண்ணீரில் அலசி, துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்.

‘சி.வி.’ என்பது குரோமியமும் வனேடியமும் சேர்ந்த கார்பன் உருக்கு. இதே கத்தி ஸ்டெயின்லெஸிலும் வருகிறது. நான் கார்பனைச் சொல்வதற்குக் காரணம் சாணை. தோட்டத்து வேலையில் கூர் போவதை யாராலும் தடுக்க முடியாது. சாக்கும் நைலானும் எந்த அலகையும் மழுக்கிவிடும். கார்பன் உருக்கு ஒரு சாதாரண சாணைக்கல்லில் நாலைந்து இழுப்பில் கூருக்குத் திரும்பும், ஸ்டெயின்லெஸுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். பதிலுக்குக் கார்பன் கேட்பது பராமரிப்பு. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாளே துருப்புள்ளி தெரியும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் அலகு சாம்பல் நிறமாகக் கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, பழகப் பழக அதுவே துருவுக்குக் கொஞ்சம் தடையாகிவிடும். வேலை முடிந்ததும் துண்டில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட விரலால் ஒரு தடவு தடவுங்கள். தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கு எண்ணெய்க்கா பஞ்சம்!

தெருவில் வரும் சாணைக்காரரிடம் மட்டும் இதைக் கொடுத்துவிடாதீர்கள். அவருடைய திறமையில் குறையில்லை, அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அவர்தான் சரி. மெல்லிய அலகு மின்சாரச் சக்கரத்தில் தீப்பொறி பறக்கப் பட்டால் விளிம்பு சூடேறி, நீலம் பாரிக்கும். நீலம் கண்ட இடத்தில் பதம் போயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. ஒருபக்கம் முரடு, மறுபக்கம் நைஸ் என்று இருக்கும் கல் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்கித் தண்ணீர் விட்டு நீங்களே தீட்டுங்கள். அலகை ஏறக்குறையப் படுக்கவைத்து, முதுகை மட்டும் சிறிது தூக்கி, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கத்தியில் பூட்டு இல்லை. வெட்டும்போது விசை கூரின் மேல் விழும்வரை பயமில்லை. முனையால் குத்தித் துளை போடப் பார்த்தால் அலகு விரல் மேல் மடங்கிவிடும். சொட்டுநீர்க் குழாயில் துளை போட இதை எடுக்காதீர்கள், அதற்கென்று துளைப்பான் இருக்கிறது.

பூட்டு இருந்தால்தான் மனசு கேட்கும் என்றால் பக் நிறுவனத்துக்குப் போகலாம். கேன்சஸில் கொல்லுப்பட்டறையில் வேலை கற்ற ஹாய்ட் பக் என்ற இளைஞர் 1902-ல் தொடங்கிவைத்த குடும்பத் தொழில் அது. தேய்ந்த அரங்களைக் காய்ச்சி அடித்துக் கத்தி ஆக்கினார் அவர். லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிக்கும் நம் பட்டறைக்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் நன்றாகத் தெரியும். 1964-ல் அந்த நிறுவனம் ‘110’ என்ற மடக்குக் கத்தியை வெளியிட்டது. விரித்தால் முதுகில் பூட்டிக்கொள்ளும், அந்த இடத்தை அழுத்தினால்தான் மடங்கும். பிறகு உலகம் முழுக்க அதைப் பார்த்துச் செய்யாதவர்கள் இல்லை. இன்றும் ஐடஹோ மாநிலத்தின் போஸ்ட் ஃபால்ஸ் ஊரில் செய்கிறார்கள். ஆனால் பித்தளையும் மரமுமாக 200 கிராம் கனக்கும். சட்டைப் பையில் போட்டால் சட்டையே ஒருபக்கம் தொங்கும், வேட்டி மடிப்பில் செருகினால் வேட்டி நிற்காது. விலையும் உங்கள் கணக்கைத் தாண்டும். அதே அலகை நைலான் கைப்பிடியில் பொருத்திய ‘110 ஸ்லிம் செலக்ட்’ எடையில் பாதிகூட வராது, விலையும் குறைவு, அதுவும் அமெரிக்கத் தயாரிப்பே. ஒரு கையால் திறக்கலாம், பையில் மாட்டிக்கொள்ளக் கிளிப்பும் உண்டு. அலகு ஸ்டெயின்லெஸ் வகை, பதம் நன்றாக ஏற்றியது. துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதுவே மேல்.

ஒட்டுக் கட்டுவதற்கு மட்டும் இரண்டில் எதையும் எடுக்க வேண்டாம். ஒட்டுக் கத்திக்கு ஒருபக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டிய அலகு வேண்டும், அப்போதுதான் வெட்டு பலகைபோல் தட்டையாக வரும். இருபுறமும் தீட்டிய அலகு சீவும்போது வளைந்து ஓடும். குச்சியும் தாய்ச்செடியும் ஒட்டாமல் போக அந்த வளைவே போதும். தவிர, சாக்கு அறுத்த கத்தியால் செடியைச் சீவினால் அழுக்கும் நோயும் உள்ளே போகும். தோட்டக்கலைப் பொருள் விற்கும் கடையில் தனியாக ஒன்று வாங்கிச் சுத்தமாக வைத்திருங்கள். இளநீர் சீவவும் பாளை கழிக்கவும் அரிவாள் இருக்கும்போது மடக்குக் கத்தியை வதைப்பதில் நியாயமில்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் செய்கிற வேலையை எந்த அமெரிக்கக் கத்தியும் செய்யாது.

போலீஸ் விஷயம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் சேர்க்கின்றன. அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சாட்பஸ்டர் ஜூனியரின் அலகு 3 அங்குலத்தைக்கூடத் தொடாது. ஆனால் அளவு மட்டுமே பேசுவதில்லை, இடமும் நேரமும் பேசும். தோட்டத்தில் வைத்திருப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. தைப்பூசக் கூட்டத்தில் பழனிக்குப் போகும் நாளிலும், நீதிமன்றப் படி ஏறும் நாளிலும், தேர்தல் சமயத்து இரவுப் பயணத்திலும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பட்டன் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். லேசாகத் தள்ளியதும் ஸ்பிரிங் விசையில் தானே திறந்துகொள்ளும் வகையும் கெர்ஷா போன்றவற்றில் உண்டு, அமெரிக்காவில் அது சகஜம். சோதனைச் சாவடியில் இரண்டுக்கும் வித்தியாசம் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமை உங்களுக்கு எதற்கு?

விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்கக் கூடாது. துணியில் சுற்றிச் சரக்காகப் போடும் பெட்டிக்குள் வைக்கட்டும். சென்னையிலோ டெல்லியிலோ இறங்கிக் கோவைக்கோ மதுரைக்கோ விமானம் மாறும்போது, ஆசையாகக் காட்டுவதற்கென்று கைப்பைக்கு மாற்றிவிட வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு ஒன்று என்றால் ஒன்றோடு நிறுத்தட்டும். பங்காளி, சம்பந்தி என்று அரை டஜன் வாங்கி வந்தால் சுங்கத்தில் கேள்வி வரும்.

கடையில் பணம் கட்டுவதற்கு முன் கத்தியைத் திறந்து, அந்த முத்திரை இருக்கும் இடத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ‘யு.எஸ்.ஏ.’ என்று தெரிந்தால் வாங்கட்டும். தெரியாவிட்டால், விற்பவர் என்ன சொன்னாலும், அடுத்த கடைக்குப் போகட்டும்.